தளத்தை முடக்கிய வீரமலை

வீரமலை ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தார். அந்தப் பதினேழு வருடமும் அவர் கை அதிகம் பிடித்தது கம்பளியையும் காலுறையையும்தான். மத்தியப் பிரதேசத்தில் ஒரு சப்ளை டிப்போவில் ஸ்டோர்மேன். துப்பாக்கியே தொடவில்லையா என்றால் தொட்டார். வருடத்துக்கு ஒரு முறை சுடச் சொல்வார்கள், சுடுவார். மற்றபடி யார் இடுப்புக்கு எத்தனை அங்குல பெல்ட், எந்த ரேங்குக்குத் தோளில் எத்தனை நட்சத்திரம் என்பதுதான் அவர் கவலை. இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. காலுறை இல்லாமல் பனியில் எவன் நிற்பான்? ஆனால் மிலிட்டரிக்காரன் என்று கேள்விப்பட்டு ஆசையாகக் கதை கேட்க வருகிறவர்கள், கம்பளி என்ற சொல் வந்ததும் மணி பார்ப்பார்கள். வீரமலையும் நாளடைவில் சொல்வதை விட்டுவிட்டார்.

வீட்டிலும் அதே கதிதான். லீவில் வரும்போது விருந்தாளியாக இருந்தவர், ஒரேயடியாக வந்தபோது தொந்தரவாகிப் போனார். மனைவி பொன்னரசிக்கு அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுவார் என்பதுகூடப் பழக்கமில்லை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அக்காவுக்கு ஆபரேஷன் என்று மண்ணச்சநல்லூர் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். வந்து கூப்பிடுவார் என்று அவள் இருந்தாள், வருகிறேன் என்று சொல்வாள் என்று இவர் இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரை மணி நேர பஸ்தான். பிள்ளைகளும் இல்லை, நடுவில் போய்வர. இரண்டு பேருமே நல்லவர்கள், அதனால் வந்த வினை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்கு ஒற்றை அறை. காலை ஏழு மணிக்கு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டினால், எட்டு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் டூட்டி. அம்மா மண்டபம் போகிற வழியில் பதினாறு வீடுகள் உள்ள ஓர் அடுக்ககம். அங்கே அவர் செக்யூரிட்டி. பேரும் அதுதான். "செக்யூரிட்டி, கேட்டைத் தெறங்க." "செக்யூரிட்டி, கொரியர் வந்துதா?" ஏழு வருடத்தில் அவர் பெயரைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆதார் நகல் வாங்க வந்த ஏஜென்சிக்காரர். இன்னொருவர் கொரோனா ஊசி போட வந்த நர்ஸ் பெலிண்டா. அவளும் பட்டியலில் எழுதுவதற்காகக் கேட்டாள்.

இப்படி இருந்தவருக்குத்தான் போன ஜனவரியில் யோகம் அடித்தது. அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் சக்ரபாணி, ரயில்வேயில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நோட்டீஸ் எழுதுவதென்றால் அவருக்கு உயிர். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்குக்கூட முன்னுரை, முடிவுரையோடு எழுதி லிஃப்டில் ஒட்டுவார். குடியரசு தினத்துக்கு யார் கொடியேற்றுவது என்ற பேச்சு வந்தபோது, அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

"ஏம்ப்பா, நீ மிலிட்டரின்னு ஏஜென்சிக்காரன் சொன்னானே. நிஜந்தானா?"

"ஆமாங்க சார்."

"அங்க என்ன பண்ணினேன்னு நாலு வரி எழுதிக் குடு. குரூப்ல போடறேன். சாதனை மாதிரி ஏதாவது இருக்கணும், புரியறதா?"

சாதனைக்கு வீரமலை எங்கே போவார்? அன்றைக்குப் பகல் முழுக்க கேட்டில் உட்கார்ந்து யோசித்தார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. டிப்போ ஆபீஸின் இரண்டாவது மாடியில் அப்போதுதான் ஐந்தாறு கம்ப்யூட்டர் வந்திறங்கியிருந்தது. உள்ளே இருந்தது என்ன ராணுவ ரகசியமா? கம்பளி, காலுறை, சோப்புப் பட்டியல். ஒரு கிளார்க் சினிமாப் பாட்டு சி.டி.யைப் போட, அதிலிருந்து வைரஸ் ஏறி, திரையில் எழுத்தெல்லாம் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது. ஆளாளுக்குக் கூச்சல். லெட்ஜர் கொடுக்கப் போயிருந்த வீரமலை ஓடிப்போய் மெயினை இறக்கிவிட்டார். மாடி முழுக்க இருட்டு, மின்விசிறியும் நின்றது. இன்னொரு கிளார்க் காலையிலிருந்து தட்டி வைத்திருந்ததும் அதோடு போனது. அதிகாரி கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கி, ஒரு வாரம் எக்ஸ்ட்ரா டூட்டி போட்டார். நடந்தது இவ்வளவுதான்.

பேசும்போது வீரமலை மாடி என்றுதான் சொல்வார். ஆனால் எழுத்து என்று வந்துவிட்டால் கொஞ்சம் மிடுக்கு வேண்டாமா? லிஃப்ட் பக்கத்துப் பலகையில் 'முதல் தளம், இரண்டாம் தளம்' என்று எழுதியிருக்கிறது. லிஃப்ட் ரிப்பேரானால் சக்ரபாணி 'லிஃப்ட் முடக்கம்' என்று எழுதி ஒட்டுவார். வீரமலை எழுத்துத் தமிழ் கற்ற பள்ளிக்கூடம் அந்தச் சுவர்தான். இரண்டையும் எடுத்துச் சேர்த்து, ரிஜிஸ்தரில் ஒரு தாளைக் கிழித்து இப்படி எழுதிக் கொடுத்தார்:

'எங்கள் ராணுவ அலுவலகத்தின் இரண்டாம் தளத்தில் கணினிகளில் வைரஸ் புகுந்தபோது நான் ஓடிச்சென்று அந்தத் தளம் முழுவதையும் முடக்கினேன். அதிகாரி என்னைத் தனியே அழைத்துப் பேசினார்.'

எக்ஸ்ட்ரா டூட்டியை மட்டும் எழுதவில்லை. அந்த ஒரு பூசி மெழுகலைத் தவிர இதில் பொய் கிடையாது.

சக்ரபாணி பேனாவை எடுத்தார். 'அலுவலகத்தின் இரண்டாம்' என்பது வளவளவென்று இருக்கிறதாம், அடித்தார். 'அழைத்துப் பேசினார்' சப்பென்று இருக்கிறதாம், 'அழைத்துப் பாராட்டினார்' ஆக்கினார். குரூப்பில் வந்தது இது: 'கணினிகளில் வைரஸ் புகுந்தபோது ராணுவத் தளம் முழுவதையும் முடக்கி, உயர் அதிகாரியின் பாராட்டைப் பெற்ற வீரர் நம் அடுக்ககத்தில்!'

மாடி போய் ராணுவத் தளமாகிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? அன்று மாலைக்குள் யாரோ ஒரு புண்ணியவான் 'எதிரியின்' என்று முன்னால் சேர்த்தான். முடக்குகிறவன் எதிரியின் தளத்தைத்தானே முடக்குவான், சொந்தத் தளத்தையா முடக்குவான் என்பது அவன் நியாயம். மறுநாள் அது உறையூர்ப் பக்கம் போய், ஹெட்போன் மாட்டிய ஒரு சிப்பாய், பச்சைத் திரை எல்லாம் உள்ள படத்தோடு திரும்பி வந்தது. 'ஒரே ஒரு கம்ப்யூட்டரால் எதிரி ராணுவத் தளத்துக்குள் ஊடுருவி ஏவுகணைகளை நிறுத்திய திருச்சித் தமிழர். எந்த டிவியும் காட்டாது. பெருமைப்பட்டால் பகிருங்கள்.' இதைப் படித்ததும் வீரமலை எழுந்து ஓடினார்.

"சார், நான் அப்படி எழுதலீங்க. அது வந்து..." என்று சக்ரபாணியிடம் ஆரம்பித்தார்.

"தெரியும் வீரமலை சார்." சக்ரபாணி அவர் தோளில் கை வைத்தார். "வெளியில சொல்லப்படாதுன்னு உங்களுக்கு சட்டமிருக்கும். நான் கேக்கவே மாட்டேன்."

வீரமலை சார். உங்களுக்கு. ஏழு வருடத்தில் முதல் தடவை. வீரமலை சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். தப்புத்தான், யார் இல்லை என்றது?

முதல் தளத்து ரங்கா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவன் ஒரு வாரம் கழித்து ஒரு சுட்டியை குரூப்பில் போட்டான். யாரோ செய்திக்காரர்கள் உண்மை பார்த்துச் சொல்லியிருந்தார்கள்: படத்தில் இருக்கும் சிப்பாய் ஒரு வீடியோ கேம் விளம்பரத்தில் வருகிறவர், ஏவுகணைக் கம்ப்யூட்டர் எதுவும் வெளி இணையத்தில் தொங்கிக்கொண்டிருக்காது, இந்தச் செய்திக்கு எந்த ஆதாரமும் இல்லை. தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் பதினாறு வீட்டில் அதைத் திறந்து பார்த்தது இரண்டோ மூன்றோ. "பின்னே, ஆமாம் நாங்கதான் பண்ணினோம்னு ராணுவம் ஒத்துக்குமா?" என்று சக்ரபாணி கேட்டார். கை தட்டும் பொம்மைகள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக விழுந்தன. மறுப்பே அத்தாட்சியாகிவிட்டது. ரங்கா வாயை மூடிக்கொண்டான்.

அந்த இரண்டு மாதம் வீரமலை வாழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும். குழந்தைகளைப் பள்ளி வேனில் ஏற்ற வருகிற அம்மாக்கள் குட்மார்னிங் சொன்னார்கள். கொடியேற்றிய அன்று பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் தளத்து வேதவதி டீச்சர் பதினோரு மணிக்கு இன்டர்காமில் கூப்பிட்டு, "வீரமலை சார், காபி கலந்துட்டேன், மேல வாங்கோ" என்பார்.

வேதவதிக்கு அறுபத்தெட்டு வயது. கணக்கு டீச்சராக இருந்தவர். கணவர் காலமாகி ஆறு வருடம். ஒரே பெண் மைத்ரேயி கனடாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவாள். கால் முட்டி தேய்ந்த பிறகு டீச்சர் பெருமாள் சேவிக்கப் போவதும் குறைந்துவிட்டது. வீரமலை வாசல் பக்கத்து நாற்காலியில் பத்து நிமிஷம் உட்காருவார். டீச்சர் ராணுவத்தைப் பற்றிக் கேட்பார். வீரமலை ஏவுகணை பக்கம் போகாமல், அங்கே குளிர் எப்படி, சப்பாத்தி எப்படி என்று சொல்லிக்கொண்டிருப்பார். டீச்சர் ஒரு நாளும் மணி பார்த்ததில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காபிக்கு அழைப்பு வரவில்லை. புதன்கிழமை காலை வீரமலை மேலே போய்ப் பார்த்தார். வாசலில் கோலம் இல்லை. நேற்றைய பால் பாக்கெட்டும் இன்றையதும் பையிலேயே கிடந்தன. மணி அடித்தார். வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. டீச்சர் ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். கரும்பலகையில் எழுதுவது போலக் குண்டு குண்டாக எழுதியிருந்தார்: 'பேசாதீர்கள். ராணுவம் லைனில் இருக்கிறது.'

அவர் தோளுக்கு மேலாக வீரமலை எட்டிப் பார்த்தார். கூடத்து மேஜையில் ஒரு செம்பில் சாய்த்து வைத்த போன். அதில் பச்சைச் சீருடையில் ஒரு மீசைக்காரன், பின்னால் கொடி, ஏதோ சின்னம். சீருடையைக் கண்டதும் வீரமலையின் குதிகால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன, முதுகு நிமிர்ந்தது. பதினேழு வருடப் பழக்கம், லேசில் போகுமா?

"மேடம், யார் வந்தாங்க?" என்று போன் கேட்டது. தமிழ்தான், ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று பிடிபடவில்லை.

"பால்காரர்," என்றார் டீச்சர். "ஆபீசர், குக்கர் வச்சுட்டு பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

"சரி மேடம். போன் அங்கேயே இருக்கணும்."

கதவை ஒருக்களித்துவிட்டு டீச்சர் வராந்தாவுக்கு வந்து, சன்னக் குரலில் சொன்னார். அவருடைய போன் நம்பரைப் பயன்படுத்தி யாரோ ராணுவத் தளத்துக்குள் ஊடுருவிவிட்டார்களாம். ராணுவ சைபர் பிரிவின் மேஜராம் இவர். டிஜிட்டல் அரெஸ்ட்டாம். விசாரணை முடியும்வரை கேமரா முன்னாலேயே இருக்க வேண்டுமாம், யாரிடமும் மூச்சு விடக் கூடாதாம். மத்தியானம் பேங்க் விவரமெல்லாம் சரிபார்ப்பார்களாம். வெளியில் சொன்னால் மைத்ரேயியையும் கனடாவிலிருந்து இழுத்து வருவார்களாம்.

"டீச்சரம்மா, இது ஃப்ராடுங்க," என்றார் வீரமலை. "மேஜர்ங்கிறான், தோள்ல பாத்தீங்களா, மூணு நட்சத்திரம். மூணு நட்சத்திரம் கேப்டனுக்குங்க. மேஜருக்கு சிங்கம் மட்டும்தான். நான் எத்தனை எடுத்துக் குடுத்திருக்கேன்."

டீச்சர் அதைக் கையால் தள்ளினார். "நட்சத்திரம் முன்ன பின்ன இருக்கும். ஊடுருவினது பொய்யாகுமா? என் நம்பர்லேர்ந்து முடியாதுன்னு எப்படிச் சொல்றேள்? ஒரு கம்ப்யூட்டரை வச்சுண்டு நீங்க ஒரு தளத்தையே முடக்கலையா? ஊரே சொல்றதே."

உள்ளே குக்கர் வைக்கவில்லை, வைப்பதாகச் சொல்லி வாங்கிய பத்து நிமிஷத்தில் மூன்று நான்கு போய்விட்டது. ராணுவம் வேறு விதமாகச் செய்யும் என்று எதையாவது சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தார். சொன்னால் டீச்சர் நம்ப மாட்டார். நம்பாவிட்டால் மத்தியானம் அவர் ஆயுள் சேமிப்பே போய்விடும். தன் கதையில் ஒரு செங்கல்லைக்கூட விட்டுவைத்து அவன் கதையை இடிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் அவருக்கு வந்த துக்கம் கொஞ்சநஞ்சமில்லை. இந்த வராந்தாவில் இனி யார் அவரை சார் என்பார்கள்?

"அது பொய்யிங்க."

"எது?"

"நான் தளத்தை முடக்கினது. எதிரியும் இல்ல, ஏவுகணையும் இல்ல. தளம்னு நான் எழுதினது..." வீரமலை செருப்புக் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இதுங்க. இந்தத் தளம். ரெண்டாவது மாடி. காலுறை லிஸ்ட் வச்சிருந்த கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துச்சு, நான் மெயினை ஆஃப் பண்ணேன். மாடி பூரா கரண்ட் போச்சு. அவ்வளவுதான். பாராட்டவும் இல்ல. திட்டு விழுந்துச்சு, ஒரு வாரம் தண்டனையும் குடுத்தாங்க. நான் ஸ்டோர்ல கம்பளி எடுத்துக் குடுத்த ஆளுங்க, டீச்சரம்மா. எனக்கு கம்ப்யூட்டர் ஆன் பண்ணக்கூடத் தெரியாது. சக்ரபாணி சார் மாடியை எடுத்துட்டாங்க, நான் வாயை மூடிட்டேன். சார்னு கூப்பிட்டாங்களா, அதான். என் கதை எப்படியோ, உள்ள இருக்கிறவன் சொல்றதும் அப்படித்தான்."

டீச்சர் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபமா, என்ன என்று தெரியவில்லை. "மாடி," என்றார் ஒரு முறை, மெதுவாக. பிறகு கதவை விட்டு விலகி நின்றார்.

வீரமலை உள்ளே போனார். மீசைக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்து அதட்ட ஆரம்பித்தான். வீரமலை அவன் தோளில் இருந்த நட்சத்திரங்களை இன்னொரு முறை பார்த்தார். ஒன்று கோணலாகத் தைத்திருந்தது. போனை எடுத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். மறுபடி மணி அடித்தது. மறுபடி அமுக்கினார். அப்புறம் ரங்காவை வரச்சொல்லி, சைபர் மோசடிக்கான 1930 எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுத்தார்கள். எதுவும் பறிபோகவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எல்லாரும் கேட்டபோது, வீரமலை மாடிக் கதையையும் சேர்த்தே சொன்னார். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? சக்ரபாணிக்கு முகம் கறுத்துவிட்டது. ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் ஆயிற்றே. குரூப்பில் ஒரு வரி போட்டார்: 'சமீபத்தில் பகிரப்பட்ட தகவல், தகவல் அளித்தவரின் எழுத்துப் பிழையால் நேர்ந்தது.' பிழை யாருடையது என்று வீரமலை சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் காலை சக்ரபாணி ஸ்கூட்டரை எடுக்கும்போது, "செக்யூரிட்டி, கேட்டு," என்றார். உறையூர்ப் பக்கம் போன ஏவுகணைக் கதை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் திருச்சித் தமிழருக்குப் பெயர் கிடையாது என்பதால் யாரும் வந்து கேட்பதில்லை.

இன்டர்காம் அடிக்கவில்லை. டீச்சருக்குக் கோபம்தான் என்று வீரமலை முடிவு கட்டிக்கொண்டார். பொய்யனைக் கூப்பிட்டு உட்கார வைத்தோமே என்று இருக்காதா?

ஐந்தாம் நாள் வெயில் தாழ்ந்தபின் டீச்சர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தார். கேட் பக்கம் யாரும் இல்லை. வீரமலை எழுந்து நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் டீச்சர். "வேற யார்கிட்டயும் சொல்லலை. மைத்ரேயிகிட்டகூட."

"சொல்லுங்க டீச்சரம்மா."

"அவன் திருடன்னு எனக்குச் செவ்வாக்கிழமை சாயங்காலமே தெரிஞ்சுடுத்து. கணக்கு டீச்சர் நான். காத்தால ஒரு கேஸ் நம்பர் சொன்னான், மத்தியானம் வேற சொன்னான். எனக்குத் தெரியாதா?"

வீரமலைக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏம்மா கட் பண்ணலே?"

தெருவில் ஒரு ஆட்டோ போனது, அது போய் முடிகிறவரை டீச்சர் காத்திருந்தார்.

"சாப்டேளா மேடம்னு கேட்டான். மணிக்கு ஒரு தரம் கேட்டான். மாத்திரை போட்டுண்டேளான்னான். ராத்திரி விளக்கணைக்கச்சே, நான் லைன்லதான் இருக்கேன், பயப்படாம தூங்குங்கோன்னான். பொய்தான். தெரியும். பேங்க்னு ஆரம்பிச்சா கட் பண்ணிக்கலாம், அதுவரைக்கும் இருக்கட்டும்னு இருந்தேன். நீங்க வந்து ஃப்ராடுன்னு சொன்னப்போ, விட மனசு வரலை. அதான் உங்க கதையை இழுத்தேன். நீங்க அதைப் போய் அப்படி ஒடைச்சுப் போடுவேள்னு நான் நினைக்கலை."

சொல்லிவிட்டு அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகையை மறைக்கவில்லை.

வீரமலைக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும், அவர் யாருக்காகத் தன் வாயாலேயே தன்னைக் கீழே இறக்கிக்கொண்டாரோ, அவருக்கு அது தேவைப்பட்டிருக்கவே இல்லை. ஆனால் பொய் என்று தெரிந்தே ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அந்த அடுக்ககத்தில் வேறு யாருக்குத் தெரியும்? இரண்டு மாதம் அவரும் அதைத்தானே செய்தார். இதை டீச்சரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லத் தெரியவில்லை.

"வரேன்," என்று டீச்சர் லிஃப்ட் பக்கம் திரும்பினார்.

சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கலாம். வீரமலை சாராக இருந்திருந்தால் கேட்டிருப்பார். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, மூன்றாம் தளத்து அம்மாவிடம் அதை எந்த உரிமையில் கேட்பது என்று அவர் தயங்கி நிற்பதற்குள், லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.